நடக்க முடியாதவர்கள் வர வேண்டாம் என்று எழுதியவர்களுக்கு

எங்கள் பகுதித் தமிழ் மூத்தோர் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

நீங்கள் அனுப்பிய கோடைச் சுற்றுலா அறிவித்தலின் கடைசிப் பத்தி இது: "சென்ற ஆண்டு ஏற்பட்ட சிரமங்களைக் கருத்திற்கொண்டு, சக்கர நாற்காலி, வாக்கர் பயன்படுத்துவோரும் நீண்ட தூரம் நடக்க இயலாதோரும் இம்முறை கலந்துகொள்வதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சாமித்தட்டின் கீழே வைத்துவிட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு 83 வயது. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். வீட்டுக்குள் பொல்லு, வெளியே சக்கர நாற்காலி. அம்மாவுக்கு 78. ஒரு முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்தாகிவிட்டது, மற்றதற்குக் காத்திருக்கிறார். வாக்கர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார். உங்கள் அறிவித்தலில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு உங்களோடு சக்கர நாற்காலியில் வந்தவர் அப்பா ஒருவர்தான் என்பது அந்தத் தாளைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

செயலாளரோடு இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தேன். "போன வருடம் நாங்கள் பட்ட பாடு போதும்" என்றார். பாடுபட்டது யார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இந்தத் திறந்த மடல்.

சென்ற ஆண்டு நீங்கள் தெரிவு செய்த ஊர் வட இங்கிலாந்திலுள்ள விட்பி. அழகான ஊர், மறுக்கவில்லை. எஸ்க் ஆறு நடுவே ஓடி வடகடலில் விழ, இரு கரையும் மேடாக எழும்பி நிற்கும். கிழக்குக் கரையில் கல் பதித்த ஒடுங்கிய தெரு. அதன் முடிவில் தேவாலயத்துக்கும் இடிந்த மடாலயத்துக்கும் ஏறும் 199 படிகள். அந்தப் படிகளுக்குப் பெயர்போன ஊர். முதியோர் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களை அங்கே கூட்டிச் செல்வதாக இருந்தால், அந்த எண்ணைப் பார்த்ததுமே ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்: ஏறமுடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

அந்தப் பயணத்தில் நான் இல்லை. வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. சங்கத்தோடுதானே போகிறார்கள் என்று நம்பி அனுப்பினேன். நடந்தவற்றை அம்மா பல மாதங்களாகத் துண்டு துண்டாகச் சொல்லித்தான் அறிந்தேன். விடியப்புறம் இலண்டனில் ஏறிய கோச்சில் செங்குத்தான படிகள். இரண்டு இளைஞர்கள் அப்பாவைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கோச்சின் கழிப்பறைக்கு நடுவழியில் கீழே இறங்க வேண்டும். அம்மாவால் அது முடியாது. அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிற பெண், நாள் முழுவதும் தொண்டை நனைக்காமல் இருந்திருக்கிறார். விடுதியில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடி அறை. லிஃப்ட் இல்லை. குளியலறையில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். மூன்று நாளும் இருவரும் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலை எல்லோரும் படியேறப் போனபோது அவர்கள் இருவரையும் துறைமுகத்தருகே ஒரு வாங்கில் இருத்திவிட்டு, "அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவோம்" என்று சொன்னீர்கள். பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை அங்கேயே இருந்தார்கள். காற்று. கழிப்பறை எங்கே என்று தெரியாது. தெரிந்தாலும் அப்பாவின் நாற்காலியைத் தள்ள அம்மாவுக்குப் பலம் இல்லை. திரும்பி வந்து நீங்கள் காட்டிய படங்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல இடம்" என்று சொன்னாராம்.

அந்த மடாலயத்துக்குப் போக 199 படி ஏறத் தேவையே இல்லை. மேட்டின் பின்புறத்தால் வாகனம் போகும் சாலை இருக்கிறது. மேட்டிலேயே வாகனம் நிறுத்த இடமும் இருக்கிறது. ஒரு டாக்ஸி பிடித்திருந்தால் அப்பாவும் அம்மாவும் உங்களுக்கு முன்பே மேலே போய்க் காத்திருந்திருப்பார்கள். என் மனதை இன்றும் அறுப்பது இதுதான். அவர்களைத் தடுத்தவை படிகள் அல்ல; யாரும் விசாரிக்காததுதான்.

இப்போது அந்தச் சிரமங்களிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவைப் பாருங்கள். பிழையான ஊர், பிழையான விடுதி, பிழையான கோச். இவற்றில் எதையும் மாற்றாமல் மனிதர்களை மட்டும் கழித்துவிட்டீர்கள். இவ்வாண்டுக்குத் தெரிவாகியிருப்பது இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ். அங்கும் கடலை நோக்கி இறங்கும் பிரதான வீதி கடும் சரிவு. இறங்கும்போது சக்கர நாற்காலி கையை மீறி ஓடும். ஏறும்போது தள்ளுகிறவருக்கு மூச்சு நிற்கும். மீண்டும் ஒரு மேட்டூரைத் தெரிவு செய்துவிட்டு, நடக்க முடியாதவர்களால்தான் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிரித்தானியாவின் கடற்கரை ஊர்கள் யாருக்காக வளர்ந்தன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 1750களில் ரிச்சர்ட் ரசல் என்ற மருத்துவர் கடல்நீரைக் குடித்தாலும் அதில் குளித்தாலும் நோய் தீரும் என்று எழுதி, நோயாளிகளைப் பிரைட்டனுக்கு வரவழைத்தார். வைத்தியம் பலித்ததோ இல்லையோ, உடம்பு முடியாதவர்கள் கடலைத் தேடி வரும் வழக்கம் அப்படித்தான் பரவியது. பாத் நகரத்தின் பெயரைத் தாங்கிய தள்ளு நாற்காலியில் அவர்களை இருத்திக் கடலோரம் தள்ளிச் சென்றார்கள். பாறைச் சரிவில் ஏறமுடியாதவர்களுக்காகவும்தான் 1875இல் ஸ்கார்பரோவில் கம்பியால் இழுக்கும் தூக்குப்பெட்டியைக் கட்டினார்கள்; இந்த நாட்டின் முதல் கடற்பாறை லிஃப்ட் அது. சால்ட்பர்னில் 1884இல் கட்டியது தண்ணீரின் பாரத்தாலேயே ஏறி இறங்குகிறது. முடியாதவர்களைக் கடலிடம் கொண்டுபோக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கு நமக்கு மனம் வரவில்லை.

விட்பியிலிருந்து வந்தபின் அப்பா கடலைப் பற்றிப் பேசவே இல்லை. பருத்தித்துறையில் பிறந்தவர் அவர். வற்றையும் பெருக்கையும் பார்த்து வளர்ந்த மனிதர் கடலை மறந்துவிட்டவர்போல் இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே இந்த வசந்தத்தில் நானே இருவரையும் வட வேல்ஸிலுள்ள லான்டிட்னோவுக்குக் கூட்டிச் சென்றேன்.

ஏன் அந்த ஊர்? கிரேட் ஓர்ம், லிட்டில் ஓர்ம் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே பிறைபோல வளைந்த கடற்கரை. அதன் ஓரமாக ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு அகன்ற நடைபாதை. முழுவதும் சமதரை. விடுதிகள் அந்த நடைபாதையைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. அறையிலிருந்து கடலுக்கு ஒரு தெருவைக் கடந்தால் போதும். அம்மா வாக்கரோடு நூறு அடி நடப்பார், வாங்கில் இருப்பார், மறுபடி நடப்பார். மூன்று நாளில் என் உதவியின்றித் தனியாகவே போய்வரத் தொடங்கினார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்பார். அந்தச் "சும்மா"வைக் கேட்டு எத்தனை ஆண்டுகளாயிற்று!

கிரேட் ஓர்மின் உச்சிக்கு 1902இல் தொடங்கிய ட்ராம் ஒன்று ஏறுகிறது. அதன் படி அப்பாவுக்குச் சரிவராது என்று முன்பே விசாரித்திருந்ததால் டாக்ஸி எடுத்தோம். குன்றைச் சுற்றி மரைன் டிரைவ் என்ற ஒருவழிச் சாலை கட்டணத்துக்கு விடப்படுகிறது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் பாறை. ஓரிடத்தில் நிறுத்தி, இறங்காமலே கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தோம். பாறையில் வெள்ளைக் காஷ்மீர் ஆடுகள் மேய்ந்தன. அம்மா தன் வீட்டு ஆட்டுப்பட்டியின் கதையைச் சொன்னார். அப்பா கைப்பொல்லால் நீரைச் சுட்டிக்காட்டி, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று டாக்ஸிக்காரருக்கு விளங்கப்படுத்தினார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இது என் கெட்டித்தனம் அல்ல. புறப்படுமுன் சில கேள்விகளைக் கேட்டேன், அவ்வளவுதான். அவற்றை உங்களுக்கும் தருகிறேன்.

விடுதிக்காரரிடம் "வசதி உண்டா" என்று கேட்கக்கூடாது. "உண்டு" என்றுதான் சொல்வார்கள். வாசலில் எத்தனை படி என்று கேட்க வேண்டும். தரைத்தளத்தில் அறை என்பார்கள். அந்தத் தரைத்தளத்துக்கே தெருவிலிருந்து ஐந்து படி ஏற வேண்டியிருக்கும். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். அது அரைமாடியில் நின்றுவிடும், மிச்சத்துக்குப் படி. லிஃப்டின் கதவு எவ்வளவு அகலம், மடிக்காத சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று கேளுங்கள். குளியலறையில் தொட்டியா, தரையோடு தரையான ஷவரா, பிடிகம்பி இருக்கிறதா, இருந்து குளிக்க நாற்காலி தருவார்களா? கட்டில் எவ்வளவு உயரம்? நான் அழைத்த ஒரு விடுதியில் இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றில் ஒரு பெண் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து சொன்னார். அங்கேயே பதிவு செய்தேன்.

ஊரைப் பொறுத்தவரை, அது கடற்கரை ஊரா என்பதோடு விசாரணை முடிவதில்லை. போர்ன்மத்தில் மணற்கரை நீளமானது, கடலோரப் பாதையும் சமதரை. ஆனால் ஊரும் பெரும்பாலான விடுதிகளும் பாறைமேட்டின் மேலே. கிழக்குப் பாறையிலிருந்த லிஃப்ட் 2016இல் மண்சரிவில் சேதமடைந்து நின்றது. மேலே அறை எடுத்துவிட்டு, கீழே தெரியும் கடலை மூன்று நாளும் வேலிக்கு இப்பால் நின்று பார்க்க நேரலாம். சவுத்எண்டில் கரை சேறு. வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். சேற்றில் இறங்கி நடக்க முடியாதவருக்கு அந்த நேரத்தில் கடலே கிடையாது. ஆகவே பெருக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். ஆனால் அதே சவுத்எண்டில் 1889இல் திறந்த இரும்புக் கடற்பாலம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கடலுக்குள் போகிறது, அதன்மேல் ரயில் ஓடுகிறது. ஊர் மேட்டிலிருந்து பாலத்தடிக்கு இறங்க லிஃப்ட் உண்டு. கடந்த செப்டம்பரில் ஒரு பகல் அங்கே போனோம். சுற்றிவரக் கடல், அப்பா நாற்காலியில், மடியில் இடியப்பப் பார்சல். இலண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம்.

வேறு சிலவும் உண்டு. பொதுக் கழிப்பறைகளில் சக்கர நாற்காலிக்காரருக்கானவை பல இடங்களில் பூட்டியிருக்கும். 1981இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே சாவி, ரேடார் சாவி. சங்கம் இரண்டு வாங்கி வைத்தால் போதும். மாற்றுத்திறனாளருக்கான வாகன நிறுத்த அனுமதியான நீல அட்டை காருக்குரியது அல்ல, ஆளுக்குரியது. அவர் எந்தக் காரில் போனாலும் கூடவே போகும். ரயிலானால் இரண்டு மணித்தியாலம் முன்பு அறிவித்தாலும் சாய்பலகையோடு ஆள் வருவார். மாற்றுத்திறனாளர் ரயில் அட்டை இருந்தால் அவருக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இங்கிலாந்தின் இலவச முதியோர் பஸ் அட்டை மட்டும் வேல்ஸில் செல்லாது. அதை லான்டிட்னோ பஸ்ஸில் ஏறியபின்தான் அறிந்தேன்.

கோச் விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுச் சேவையில் நேர அட்டவணைப்படி ஓடும் கோச்சுகளில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் தனியாக வாடகைக்கு எடுக்கும் கோச்சுக்கு அந்த விதி பொதுவாகப் பொருந்தாது. ஆகவே கேட்காவிட்டால் தரமாட்டார்கள். சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி (லிஃப்ட்) பொருத்திய கோச்சுகளை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொன்னால் நாற்காலியோடு ஏற்றுவார்கள். ஒரு மனிதனைக் கக்கத்தில் பிடித்து எல்லோர் முன்னாலும் தூக்குவது உதவிதான். ஆனால் என் அப்பா அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார் என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் கடைகளையும் ஹோட்டல்களையும் மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. 25 உறுப்பினர்களுக்குக் குறையாமல், தன் விதிகளின்படி ஆட்களைச் சேர்க்கும் சங்கங்களுக்கும் அது பொருந்தும். நம் சங்கத்தில் அதைவிடப் பல மடங்கு பேர் இருக்கிறோம். உடற்குறையுள்ள உறுப்பினருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வது கடமை. அதற்கான செலவை அவர் தலையில் கட்டவும் முடியாது. உங்கள் கடைசிப் பத்தி "அன்புடன்" என்று எழுதப்பட்டிருந்தாலும் அது ஒரு விலக்கல்தான்.

செலவு கூடும் என்பது செயலாளரின் ஒரு வாதம். கூடலாம். விட்பிக்குப் போய்வந்த தூரத்தைக் குறைத்தாலே அதில் ஒரு பகுதி மிஞ்சும். மற்றவர்களுக்கு அலுத்துவிடும் என்பது இன்னொரு வாதம். 199 படி ஏறியவர்களில் எத்தனை பேர் அன்றிரவு முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், தைலம் அவருடையது. சமதரையும் லிஃப்டும் கிட்டிய கழிப்பறையும் என் பெற்றோருக்கு மட்டும் வேண்டியவை அல்ல. இன்று வேகமாக நடக்கிற உறுப்பினர்களில் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் தனியாக ஈஸ்ட்போர்னுக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகக் கடற்பாலம் வரை, எங்கும் நாற்காலியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. கடலோர நடைபாதை நீளமாகவும் மட்டமாகவும் கிடக்கிறது. முகப்பில் கடைகள் இல்லை, விடுதிகளும் பூந்தோட்டங்களும்தான். கரை கூழாங்கல், நாற்காலி அதில் இறங்காது; ஆனால் பாதையிலிருந்தே கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே பீச்சி ஹெட் என்ற 162 மீற்றர் உயரச் சுண்ணப்பாறை. அதன் மேல்வரை சாலை போகிறது. நடக்கக் கூடியவர்கள் அங்கே மணிக்கணக்கில் நடக்கலாம். மற்றவர்கள் மேட்டில் கோச்சை நிறுத்தி அதே கடலைப் பார்க்கலாம். இலண்டனிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான். இரண்டு விடுதிகளின் வாசல், லிஃப்ட், குளியலறை மூன்றையும் நேரில் அளந்து குறித்திருக்கிறேன். அந்தக் குறிப்பை இத்துடன் இணைக்கிறேன்.

நான் கேட்பவை இவை.

அந்தக் கடைசிப் பத்தியை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். முதல் அறிவித்தல் போன ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் திருத்தமும் போக வேண்டும். லைம் ரீஜிஸுக்கு இன்னும் முற்பணம் கட்டவில்லை என்று செயலாளரே சொன்னார். ஆகவே இவ்வாண்டுச் சுற்றுலாவை ஈஸ்ட்போர்னுக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால், லைம் ரீஜிஸில் என் அப்பா எந்த அறையில் தங்குவார், எந்த வழியால் கடலடிக்குப் போவார், எங்கே கழிப்பறைக்குப் போவார் என்பதைப் பதிவு செய்யுமுன் எழுதித் தாருங்கள். தூக்கி பொருத்திய கோச்சுக்கு விலை கேளுங்கள். மேலதிகச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். பதிவுப் படிவத்தில் "எத்தனை படி ஏறுவீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள், என்ன உதவி வேண்டும்" என்ற மூன்று கேள்விகளைச் சேருங்கள். அவற்றுக்கான பதில்களைப் பார்த்தபின் ஊரைத் தெரிவு செய்யுங்கள். ஊரைப் பார்த்து ஆட்களைத் தெரிவு செய்யாதீர்கள். சுற்றுலாக் குழுவில் வாக்கரோடு நடக்கிற உறுப்பினர் ஒருவரும் இருக்கட்டும். அம்மா சம்மதித்திருக்கிறார்.

நாற்காலியைத் தள்ள ஆளில்லை என்ற கவலை வேண்டாம். இம்முறை விடுப்பு எடுத்துவிட்டேன், நானும் வருகிறேன். எங்கள் மூவருக்குமான பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்தாயிற்று. அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். அப்பாவையும் அழைத்து வருகிறேன். மண்டப வாசலில் இரண்டு படி இருக்கிறது. அன்றைக்கு அங்கே ஒரு சாய்பலகை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் இருவரின் மகள்